ஜோடியா ஒயின் டூர் போறீங்களா? நாசிக்கா, பிரான்ஸா... பாட்டிலை காரைக்காலுக்கு கொண்டு வரலாமா?

கல்யாணமான ஜோடிகளின் டூர் லிஸ்ட்டில் ஊட்டி, கொடைக்கானலோடு இப்போது ‘ஒயின் டூர்’ என்ற பேச்சும் அடிபடுகிறது. காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் காரணம் ஒன்றும் உண்டு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதி இது. பிரெஞ்சு குடியுரிமையோடு பாரிஸில் செட்டில் ஆன சொந்தக்காரர்கள் இங்கே பல வீடுகளுக்கு இருக்கிறார்கள். அதனால் போலகத்தில் இருந்து கிளம்பும் ஒரு ஜோடிக்கு நாசிக்கும் ஒரு சாய்ஸ், பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியும் ஒரு சாய்ஸ்.

எதைத் தேர்வு செய்யலாம்? எங்கே சிக்கல் வரும்? பார்க்கலாம்.

ஸ்பார்க்ளிங் ஒயின், ஷாம்பெயின்... ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. நுரை பொங்கும் ஒயின் எல்லாமே ஸ்பார்க்ளிங் ஒயின். அதில் பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில், அங்குள்ள விதிகளின்படி தயாராவது மட்டும்தான் ஷாம்பெயின்.

நுரை வருவது இரண்டாவது முறை புளிக்க வைப்பதால். சாதாரண ஒயினில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலிலேயே மூடி விடுவது பாரம்பரிய முறை. உள்ளே உருவாகும் வாயு வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்து விடும். பாட்டிலுக்குள் கார் டயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கும். பெரிய ஸ்டீல் டேங்கில் புளிக்க வைத்து, பிறகு பாட்டிலில் அடைப்பது இன்னொரு முறை.

டூர் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். பாரம்பரிய முறை என்றால் நிலவறை, வரிசையாக அடுக்கிய பாட்டில்கள், ஈஸ்ட் கசடை வெளியேற்றும் வேலை எனப் பார்க்க நிறைய இருக்கும். டேங்க் முறை என்றால் டேங்க்கைச் சுற்றி வந்தால் டூர் முடிந்தது.

நாசிக்கில் என்ன இருக்கு?

நாசிக்கில் சுலா நிறுவனம் 2005-லேயே டேஸ்டிங் ரூம் திறந்து விட்டது. தோட்டத்திலேயே தங்கும் வசதியும் உண்டு. அருகிலுள்ள திண்டோரியில், பிரான்ஸின் மோயெட் ஹென்னெஸ்ஸி குழுமம் 2013-ல் ‘சாண்டன்’ ஸ்பார்க்ளிங் ஒயினைக் கொண்டு வந்தது.

பிரெஞ்சு நிறுவனம் இங்கே வரக் காரணம்? அப்போது இறக்குமதி ஒயினுக்கு சுங்க வரி 150 சதவீதம். உள்ளூர் ஒயினுக்கோ மகாராஷ்டிர அரசு 2001-லேயே தனிக் கொள்கை வகுத்து சலுகை கொடுத்திருந்தது. திராட்சை விளைவது மட்டும் போதாது, அரசின் கொள்கையும் சேர்ந்தால்தான் ஒயின் சுற்றுலா வளரும் என்பதற்கு நாசிக் உதாரணம். நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கம்பத்துக்குப் பெயர் சாப்பிடுகிற திராட்சையில்தான்.

அறுவடையைப் பார்க்க ஆசை என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை போகலாம்.

பிரான்ஸ் போனால்?

பாரிஸில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தால், கார் து லெஸ்ட் ஸ்டேஷனில் இருந்து ரான்ஸ் நகருக்கு டிஜிவி ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ரோமானியர் காலத்துச் சுண்ணாம்புக்கல் குழிகளே அங்கே நிலவறைகளாக இருக்கின்றன. எபெர்னே நகரில் மோயெட் ஷாந்தோன் நிறுவனத்தின் நிலவறைப் பாதைகள் மட்டும் சுமார் 28 கிலோமீட்டர். இந்தப் பகுதி 2015-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. வெயில் காலத்திலும் நிலவறைக்குள் குளிரும். ஸ்வெட்டர் அவசியம்.

புக் பண்ணும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. ஸ்பார்க்ளிங் ஒயின் தயாராகும் இடத்தையே காட்டுவீர்களா? சில இடங்களில் தோட்டத்தைக் காட்டிவிட்டு நேராக டேஸ்டிங்குக்கு அழைத்துப் போய்விடுவார்கள்.

2. எத்தனை வகை, எவ்வளவு அளவு? சுவைத்துவிட்டுத் துப்ப பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது தவறில்லை. ‘ப்ரூட்’ என்றால் இனிப்பு குறைவு, ‘டெமி செக்’ என்றால் இனிப்பு தூக்கல்.

3. அன்று திறந்திருக்குமா? அக்டோபர் 2 போன்ற மது விற்பனை இல்லாத நாட்களில் டேஸ்டிங் நடக்காது.

4. திரும்பி வர வண்டி? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே 10 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாடகை ஸ்கூட்டரில் போகும் ஐடியாவே வேண்டாம்.

ஒருத்தர் மட்டும் குடிக்க மாட்டார் என்றால்?

நம்ம ஊர் ஜோடிகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. டேஸ்டிங் இல்லாத டூர் டிக்கெட் தனியாக உண்டா என்று முன்பே கேளுங்கள். ‘ஒரு வாய்தானே’ என்று கட்டாயப்படுத்துவது டூரையே கெடுத்துவிடும். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ ஒரு துளியும் கூடாது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாட்டிலை ஊருக்கு கொண்டு வரலாமா?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மது என்பது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். நாசிக்கில் பில் போட்டு வாங்கியது அங்கே சட்டப்படி சரி. ஆனால் காரைக்காலைச் சுற்றி ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. எந்த வழியில் வந்தாலும் தமிழ்நாட்டைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர முடியும். வெளிமாநில மதுவை உரிய அனுமதி இல்லாமல் கொண்டு வந்தால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு பாயலாம். வாஞ்சூர் செக்போஸ்ட்டில் நடக்கும் சோதனை போலகம்காரர்களுக்குப் புதிதல்ல.

வெளிநாட்டில் இருந்து விமானத்தில் வரும்போது ஒருவர் 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் கொண்டு வரலாம். செக்-இன் பையில்தான் வைக்க வேண்டும். பில் வீடு வந்து சேரும் வரை கையில் இருக்கட்டும்.

அப்போ எதைத் தேர்வு செய்யலாம்?

இதற்காகவே பிரான்ஸ் போக வேண்டியதில்லை. பாரிஸ் பயணம் ஏற்கெனவே முடிவாகியிருந்தால் ரான்ஸுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். இல்லையென்றால் நாசிக் போதும். எங்கே போனாலும் பிராண்ட் பெயரைப் பார்த்து புக் பண்ணாமல், என்ன காட்டுவார்கள், எப்படித் திரும்புவோம் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். நாசிக்கில் வாங்கும் பாட்டிலை அங்கேயே முடித்துவிட்டு, ஊருக்கு போட்டோக்களோடு வந்தால் வாஞ்சூரில் டென்ஷன் இல்லை.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)