அதே மாத்திரையையே கண்டினியூ பண்ணுங்க!

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறீர்கள். டைலர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ‘‘ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எடுத்த அளவு நோட்டுல இருக்கும்மா. அதையே வெச்சுத் தெச்சுடறேன்’’ என்கிறார். சும்மா விடுவீர்களா? ‘‘முதல்ல டேப்பை எடுங்க!’’ என்று சத்தம் போட மாட்டீர்கள்?

ஆனால், ஒன்பது வருஷத்துப் பழைய அளவிலேயே தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் மட்டும், ‘‘சரிங்க டாக்டர்’’ என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். வயது 44, எடை 62 கிலோ. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்து, 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சீட்டை லேமினேட் பண்ணி வைத்துக்கொண்டார். டப்பா தீர்ந்ததும் மெடிக்கல் ஷாப்பில் அதைக் காட்டி அடுத்த டப்பா வாங்குவார். எப்போதாவது டாக்டரிடம் போனால் கிடைத்த பதில், இந்தக் கட்டுரையின் தலைப்பு!

இந்த ஒன்பது வருஷத்தில் அவருக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குரல் கரகரத்தது. சென்னை மே மாதத்தில், ‘‘ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்களேன், குளிருது’’ என்பார். சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்ததும் தோள் பையைக்கூட இறக்காமல் சோபாவில் சாய்ந்துவிடுவார். வீட்டுக்காரர் இதற்கு வைத்த பெயர், சோம்பேறித்தனம். மாமியார் வைத்த பெயர், கொழுப்பு. அவரே தனக்குச் சொல்லிக்கொண்டது, வயசாயிடுச்சு.

ஒருவழியாக வேறொரு டாக்டரிடம் போனார். அவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். டி.எஸ்.ஹெச். 38! இருக்க வேண்டியது ஏறக்குறைய 0.4-லிருந்து 4-க்குள்.

அந்த டாக்டர் டோஸைத் தடாலென்று ஏற்றவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். ‘‘காலையில மாத்திரையை எப்படிம்மா சாப்பிடறீங்க?’’

‘‘காபியோடதான் டாக்டர். கூடவே கால்சியம் மாத்திரையும். எல்லாத்தையும் ஒரேயடியா முழுங்கிட்டா வேலையைப் பார்க்கலாமேன்னு...’’

ஒன்பது வருஷமாக யாருமே கேட்காத கேள்வி இது. காபியோடு சேர்த்துச் சாப்பிட்டால் இந்த மருந்து சரியாக உள்ளே போகாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோ குடலிலேயே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டீச்சர் முழுங்கியது 50. உடம்புக்குப் போனது எவ்வளவோ, யார் கண்டது?

வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டிபன். கால்சியம் நாலு மணி நேரம் தள்ளி. இதை மட்டும் மாற்றினார். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் 38 என்பது 14 ஆகியிருந்தது. ஒரு மில்லி மருந்துகூட ஏற்றாமலே! அதன் பிறகுதான் 75 மைக்ரோகிராம். இன்னொரு எட்டு வாரம். 2.8. டீச்சர் இப்போது சாயங்காலம் மொட்டை மாடியில் நடக்கிறார்.

இதில் என்ன பெரிய வித்தை? அளந்தார், காத்திருந்தார், மறுபடி அளந்தார். அவ்வளவுதான்.

தைராய்டு சுரப்பி சோர்ந்துபோனால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, ‘இன்னும் சுரக்கட்டும்’ என்று உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவுதான் டி.எஸ்.ஹெச். ஹார்மோன் போதவில்லை என்றால் எண் ஏறும். மாத்திரை அதிகமானால் எண் தரையைத் தொடும். ‘போதும், போதாது’ என்று உடம்பே நம்பர் போட்டுச் சொல்கிறது. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை.

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், இந்த நோய் முற்றிய ஒரு பெண்மணிக்குச் செம்மறி ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அப்போது டி.எஸ்.ஹெச். கிடையாது, லேப் கிடையாது. நோயாளியைப் பார்த்துப் பார்த்துத்தான் அளவு. அந்த அம்மா அதன் பிறகு 28 வருஷம் வாழ்ந்தார். தெருமுனைக்கு ஒரு லேப் வைத்திருக்கும் நாம் அளந்து பார்க்கச் சோம்பல்படுகிறோம். இப்போது சொல்லுங்கள், சோம்பேறி யார்? டீச்சரா?

டாக்டர்கள் கோபிப்பார்கள். ‘‘ஒரு சாயங்காலத்துல அறுபது பேரைப் பார்க்கிறோம் சார். டெஸ்ட் எழுதினா, ‘கமிஷனுக்கு எழுதறார்’னு நீங்கதான் சொல்றீங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னா ஆறு வருஷம் கழிச்சு வர்றீங்க.’’ நியாயம்தான். ஆனால், ‘‘மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்க?’’ என்று கேட்க அரை நிமிஷம்கூட ஆகாதே! அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடித்ததில் ஒரு மனுஷிக்கு ஒன்பது வருஷம் போய்விட்டதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

50 என்பது கோயில் சுண்டல் இல்லை, எல்லோருக்கும் ஒரே கை அளவு போட. சுரப்பி அடியோடு வேலை செய்யாதவருக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவை என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி டீச்சருக்கு 100 வேண்டும். ஆனால் அவருடைய சுரப்பியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது, 75-லேயே நின்றுவிட்டது. கணக்கு ஆரம்பித்து வைக்கத்தான். முடித்து வைப்பது உடம்பு. வயதானவர், இதய நோயாளி என்றால் 12.5 அல்லது 25-ல் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற பெண் கர்ப்பமானால், ஆரம்ப வாரங்களிலேயே பெரும்பாலும் அளவை ஏற்ற வேண்டியிருக்கும். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சி அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான் நடக்கிறது. ‘‘அடுத்த செக்கப்ல கேட்டுக்கலாம்’’ என்று ஒத்திப்போடுகிற விஷயமா இது?

சிலருக்குச் சரியான அளவு பூஜ்யமாகக்கூட இருக்கலாம். டி.எஸ்.ஹெச். லேசாக மட்டும் ஏறியிருந்த 65 வயதைத் தாண்டியவர்களை வைத்து ஐரோப்பாவில் நடத்திய ஆராய்ச்சி 2017-ல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சோர்வில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 5.5 என்று ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே பாட்டிக்கு ஆயுள்கால மாத்திரை எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நம் பங்குக்கு நாம் செய்கிற கூத்தும் குறைவில்லை. ‘‘ரெண்டு மாத்திரை போட்டா வெயிட் குறையுமாமே’’ என்று தானாகவே ஏற்றிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு வலுவிழக்கும். இன்னொரு கோஷ்டி, மாத்திரையை ஆரம்பித்த பத்தாம் நாளே, ‘‘ஒண்ணும் கேக்கலை’’ என்று நிறுத்திவிடும். இந்த மருந்தில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே ஒரு வாரம் ஆகிறது. ரத்தத்தில் அதன் அளவு ஒரு நிலைக்கு வர ஐந்து, ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் பார்க்கிற டி.எஸ்.ஹெச். பாதி வெந்த சோறு மாதிரி.

முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? சில லேப் கருவிகளில் அது தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்ட வைக்கும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப் தம்பி, ‘‘அந்தக் கம்பெனி வரலைக்கா, இதுவும் அதேதான்’’ என்று வேறு டப்பாவை நீட்டினால், அதையும் சொல்லுங்கள். பிரான்ஸில் 2017-ல் ஒரு கம்பெனி தன் தைராய்டு மாத்திரையில் மருந்தைத் தொடவில்லை, கூடச் சேர்க்கிற துணைப் பொருளைத்தான் மாற்றியது. ஆயிரக்கணக்கான பேர் உடம்பு சரியில்லை என்று புகார் செய்தார்கள். பழைய மாத்திரையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. டப்பா மாறினால் ஆறு வாரம் கழித்து அளந்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?

டோஸை நீங்களே மாற்றாதீர்கள். ஆனால், கேளுங்கள். ‘‘எனக்கு ஏன் இந்த அளவு டாக்டர்? அடுத்து எப்போ பார்க்கணும்?’’ அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில். நிலையாகிவிட்டால் வருஷத்துக்கு ஒரு முறை. இதற்குப் பதில் சொல்லப் பொறுமையில்லாத டாக்டரை விட்டுவிட்டு வேறு டாக்டரைத் தேடுவது அவமரியாதை இல்லை.

கணவன்மார்களே, மாமியார்களே, பிள்ளைகளே! உங்கள் வீட்டில் யாராவது சாயங்காலம் ஆனால் சுருண்டு படுத்துக்கொள்கிறார்களா? திட்டுவதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து அந்தத் தைராய்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசி ரிப்போர்ட்டை எடுங்கள். மேலே ஒரு தேதி இருக்கும்.

அதைப் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.