அளந்த கடலும் காவாத கரையும்

அறிவியலில் பன்னாட்டுக் கூட்டுறவு என்ற தொடரைக் கேட்டதும் பலருக்கும் நினைவில் எழுவது விண்வெளி நிலையமே. வெவ்வேறு கொடிகள் தைத்த உடையணிந்தோர் ஒரே கலத்தில் மிதந்தபடி கையசைக்கும் படத்தைப் பார்க்காதவர் இல்லை. அதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. ஆயினும், நமது காலடியில் கிடக்கும் இந்தியப் பெருங்கடலில் அறுபதாண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்த ஒரு பெருங்கூட்டுறவைப் பற்றி இலக்கியம் பேசும் நம் வட்டங்களில் ஏறத்தாழ எவரும் பேசுவதில்லை. நெய்தல் திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நாமே அதைப் பேசாமல் விட்டால் வேறு யார் பேசுவது? அக்கூட்டுறவு எதைச் சாதித்தது என்பதைவிட, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதே இங்கு நமது கவலை.

1957ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் நகரில், புதிதாக அமைக்கப்பட்ட பன்னாட்டுக் கடலாய்வுக் குழு முதன்முறை கூடியது. உலகின் பெருங்கடல்களுள் மிகக் குறைவாக அறியப்பட்டது இந்தியப் பெருங்கடலே என்று அவர்கள் கண்டனர். இக்கடலுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு குணமும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை இதன் வடபகுதியில் காற்று தன் திசையை மாற்றுகிறது. காற்றோடு கடலின் நீரோட்டமும் திரும்புகிறது. சோமாலியக் கரையோரம் ஓடும் ஆறனைய நீரோட்டம் கோடையில் வடக்கு நோக்கியும் குளிர்காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். யவன வணிகருக்கும் அராபிய மாலுமிக்கும் பட்டறிவால் தெரிந்திருந்த இந்த உண்மை எண்களில் ஏறியிருக்கவில்லை.

இவ்வாறு தொடங்கியது பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம். 1959 முதல் 1965 வரை, நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் கொடிகள். சோவியத்தின் வித்யாஸ் வந்தது. பிரிட்டனின் டிஸ்கவரி வந்தது. ஜெர்மனியின் மீட்டியோர் தன் முதற்பயணமாகவே இக்கடலுக்கு வந்தது. அமெரிக்கா அனுப்பிய கப்பல்களுள் ஒன்றான ஆன்டன் புரூன், அதற்கு முன்பு குடியரசுத் தலைவர் ட்ரூமன் உலவிய உல்லாசக் கலம். பெயர் மாற்றி, ஆய்வுக்கூடம் பொருத்தி இங்கே அனுப்பினார்கள். இந்தியாவின் சார்பில் கடற்படைக் கப்பலான கிஸ்த்னாவும் ஆய்வுக்கலமான வருணாவும் பங்கேற்றன. இந்தியப் பங்களிப்பை வழிநடத்தியவர் என்.கே. பணிக்கர். 1962 அக்டோபரில் கியூபாவை முன்னிட்டு அமெரிக்காவும் சோவியத்தும் அணுப்போரின் விளிம்பில் நின்றதை நாம் அறிவோம். அதே ஆண்டுகளில் அவ்விரு நாட்டுக் கடலியலாளரும் ஒரே கடலை ஒரே திட்டத்தின்கீழ் அளந்துகொண்டிருந்தனர்.

ஆனால் நம்மைப் பெரிதும் கவர்ந்தது கப்பல்களின் எண்ணிக்கை அன்று; ஒரு வலை. கடலில் மிதந்து திரியும் நுண்ணுயிர்களைப் பிடிக்க ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு வகை வலையைப் பயன்படுத்தி வந்தனர். வாயின் அகலம் வேறு, கண்ணியின் அளவு வேறு, இழுக்கும் ஆழம் வேறு. ஒருவர் பிடித்ததை மற்றவர் பிடித்ததோடு ஒப்பிட வழியில்லை. எனவே இப்பயணத்திற்கென்றே 'இந்தியப் பெருங்கடல் தர வலை' என்ற பெயரில் ஒரே அளவான வலையை வகுத்து, எல்லாக் கப்பல்களும் அதை ஒரே முறையில் வீச வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனினும் அரிய முடிவு ஒன்று உண்டு. அவ்வாறு பிடித்தவற்றை அவரவர் நாட்டுக்கு எடுத்துச் செல்லாமல், கொச்சியில் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே பல நாட்டறிஞர் உதவியோடு அவை வகைபிரிக்கப்பட்டன. சுவடிப் பதிப்பு வரலாறு அறிந்தோர்க்கு இதன் அருமை புரியும். ஊர்தோறும் தேடிய ஏடுகளை ஓரிடத்தில் குவித்து, வரிக்கு வரி ஒப்புநோக்கியபோதுதானே நமக்குச் சங்க நூல்கள் கிடைத்தன? ஏடு வைத்திருந்தோர் எல்லாம் தத்தம் பரணிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தன் செலவில், தன் கப்பலில், தன் ஆள் பிடித்ததைப் பொதுவில் வை என்று ஒரு நாட்டைக் கேட்பது எளிதன்று. அது நடந்தது. பம்பாயில் அமைந்த பன்னாட்டு வானிலை மையத்திலும் அவ்வாறே கப்பல்களின் பதிவுகளும் விமானங்களின் பதிவுகளும் குவிக்கப்பட்டுப் பருவக்காற்றின் படம் வரையப்பட்டது.

நம் துறையினர் சற்று நிற்க வேண்டிய இடம் ஒன்றும் இதில் உண்டு. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார், மடகாஸ்கரின் லெமூர்களுக்கும் இந்திய விலங்குகளுக்கும் இடையிலான உறவை விளக்குவதற்காக, மூழ்கிப்போன ஒரு நிலப்பரப்பைக் கற்பித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். நம் உரையாசிரியர்கள் கூறும் கடல்கோளோடு அதனை இணைத்துக் குமரிக்கண்டம் கண்ட வரலாறு யாவரும் அறிந்ததே. 1962 நவம்பரில், இந்த ஆய்வுப் பயணத்தின் ஒரு பகுதியாக, பிரிட்டனின் ஓவன் என்ற கப்பல் அரபிக்கடலின் தெற்கே உள்ள கார்ல்ஸ்பெர்க் முகட்டின்மேல் காந்த அளவெடுத்தது. (கடலாய்வுக்கு நிதி தந்த டென்மார்க் பீர் ஆலையின் அறக்கட்டளைப் பெயரை ஒரு கடலடி மலைக்குச் சூட்டியிருக்கிறார்கள்.) அந்த அளவுகளைக் கொண்டு ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் 1963 செப்டம்பரில் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரை நிலவியலையே புரட்டியது. முகட்டில் உருகிய பாறை மேலெழுந்து இருபுறமும் விலகுகிறது. ஆறும்போது அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. புவிக்காந்தம் அவ்வப்போது தலைகீழாவதால் கடற்றளம் வரிக்குதிரைபோல் பட்டைபட்டையாகக் கிடக்கிறது. ஆகவே இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை; இடையில் ஒரு கண்டம் மூழ்கவில்லை. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பின்னர் அது ஏறியபோது கரையோர நிலங்கள் நீரில் போயின. கடல்கோள் நினைவுக்கு அடிப்படை தேடுவோர் அங்கே தேடலாம். லெமூரியாவை இன்னமும் நிலவியல் உண்மையென்று மேடையில் முழங்குவோர், அதற்கு முடிவுரை எழுதிய சான்று இதே கடலிலிருந்துதான் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1965இல் பயணம் முடிந்தது. கப்பல்கள் திரும்பின. 1966இல் கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது; பணிக்கரே அதன் முதல் இயக்குநர். 1971இல் கிளாஸ் விர்ட்கி தொகுத்த கடலியல் நிலப்படத் தொகுதி வெளிவந்தது. எல்லாம் நன்றே. ஆனால் அதே 1965இல் இன்னொன்றும் நடந்தது. ஆய்வுப் பயணத்தை ஒருங்கிணைத்த அதே யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான கடலியல் ஆணையம், ஹவாயில் அமெரிக்கா நடத்திவந்த மையத்தை விரிவாக்கி, பசிபிக் முழுமைக்குமான சுனாமி எச்சரிக்கை ஏற்பாட்டின் தலைமையிடமாக்க இசைந்தது. 1960இல் சிலியில் எழுந்த அலை ஹவாயையும் ஜப்பானையும் அடித்த பட்டறிவு அதற்குக் காரணம். ஆக, ஒரே ஆண்டில் ஒரே ஆணையத்தின் கையில் பசிபிக்குக்கு நிலையான காவல் கிடைத்தது. இந்தியப் பெருங்கடலுக்கோ நிலப்படம் கிடைத்தது.

இங்கே சுனாமி வருவதில்லை என்பதா காரணம்? 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபார் அருகே நிலம் நடுங்கியபோது எழுந்த அலையை வங்கக்கடலைச் சுற்றியிருந்த கடல்மட்ட அளவிகள் பதிவு செய்தன. அவற்றுள் ஒன்று நாகப்பட்டினத்தில் இருந்தது. 1883இல் கிரக்கட்டோவா, 1945இல் மக்ரான் கரை. அந்த 1881ஆம் ஆண்டுப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து இரு அறிஞர்கள் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது 2003இல். நாகப்பட்டினத்து அளவியின் முள் வரைந்த கோடு, மறுபடி ஒருவர் கண்ணில் படுவதற்கு நூற்றிருபது ஆண்டுகள் ஆயின.

அடுத்த ஆண்டு நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. 2004 டிசம்பர் 26, நமது நேரப்படி காலை 6.29க்குச் சுமத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. ஹவாயிலிருந்த மையம் கால்மணி நேரத்துக்குள் ஓர் அறிக்கை வெளியிட்டது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்று அதில் இருந்தது. அது பொய்யன்று. இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரிடம் சொல்வது என்பதற்கான முகவரிதான் அவர்களிடம் இல்லை. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தினர். இலங்கையில் 30,000க்கும் மேல். அச்சே மக்களுக்குச் சில நிமிடங்களே இருந்தன. அவர்களை எந்த மையமும் காத்திருக்க இயலாது என்று வாதிடலாம். நாகைக்கும் மட்டக்களப்புக்கும் அந்த வாதம் பொருந்தாது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடக்க இரண்டு மணி நேரம் வேண்டுமா?

பயணம் என்பது வேறு, காவல் என்பது வேறு என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. பயணத்துக்குத் தொடக்கவிழா உண்டு, நிறைவுவிழா உண்டு, கட்டுரைகளும் பட்டங்களும் உண்டு. காவலுக்கு அவை ஒன்றும் இல்லை. ஆண்டுதோறும் செலவு மட்டும் உண்டு. நாடுகள் கூடிப் பயணம் போகின்றன. கூடிக் காவல் இருக்கத் தயங்குகின்றன.

2004க்குப் பிறகு நிலைமை மாறியது உண்மை. 2005இல் அதே ஆணையத்தின்கீழ் இந்தியப் பெருங்கடல் எச்சரிக்கை அமைப்புக்கான ஒருங்கிணைப்புக் குழு உருவாயிற்று. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய மையம் திறக்கப்பட்டது. 2011 முதல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் சுற்றிலுமுள்ள நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை வழங்கி வருகின்றன. இது சிறிய செயலன்று. நில அதிர்வுமானி நிலநடுக்கத்தோடு அணுகுண்டுச் சோதனையையும் காட்டிக்கொடுக்கும். ஆகவே அதன் பதிவை அண்டை நாட்டோடு உடனுக்குடன் பகிர்வது எந்த அரசுக்கும் எளிதன்று. அணுச்சோதனைத் தடை உடன்படிக்கைக்கென நிறுவப்பட்ட நிலையங்களின் பதிவுகளே இன்று சுனாமி மையங்களுக்கும் பயன்படுகின்றன. அந்த உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

எனினும் பழைய நோய் தீர்ந்துவிடவில்லை. சுனாமிக்குப் பின் வெளிநாட்டு உதவியோடு இந்தோனேசியக் கடலில் நிறுவப்பட்ட எச்சரிக்கை மிதவைகள் பராமரிப்பின்றிச் சிதைந்தன. 2018 செப்டம்பரில் பாலு நகரை அலை அடித்தபோது, 2012 முதலே ஒரு மிதவையும் இயங்கவில்லை என்று அந்நாட்டுப் பேரிடர்த் துறையே சொன்னது. பாலுவில் அலை சில நிமிடங்களில் வந்துவிட்டது. மிதவைகள் இருந்தாலும் அவ்வூரைக் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. நமக்கு உறுத்துவது வேறு. கொடுத்தவர் கொடுத்ததோடு மறந்தார். பெற்றவர் பெற்றதோடு மறந்தார். 2015 டிசம்பரில் கோவாவில் இரண்டாம் இந்தியப் பெருங்கடல் பயணம் தொடங்கியது. அதை வரவேற்கிறோம். ஆர்கோ திட்டத்தின் ஏறத்தாழ 4,000 மிதவைகள் பத்து நாளுக்கொருமுறை மூழ்கி எழுந்து, உலகக் கடல்களின் வெப்பத்தையும் உப்பையும் யார்க்கும் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சோமாலியக் கடற்கொள்ளையர் அச்சத்தால் இக்கடலின் மேற்குப் பகுதிக்கு ஆய்வுக்கப்பல்கள் போக முடியாதபோது கடற்படைகளே அவற்றைக் கொண்டுபோய் இறக்கின. விரும்பினால் வழி இருக்கிறது.

இனி நம் பக்கத்துக் கதை. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறது. ஆழ்கடலில் நிழல் கிடைத்தால் மீன் கூடும்; மிதவையின் அடியில் மீன் கூடுகிறது; மீனைத் தேடி விசைப்படகு வருகிறது; படகைக் கட்ட மிதவையைவிட வசதியான முளை கிடையாது. இதில் கருவிகள் உடைகின்றன, கம்பிகள் அறுகின்றன. மீனவர் அறியாமை என்று இதனைக் கண்டிக்கும் செய்திகளைப் படிக்கும்போது நமக்குச் சற்றுக் கோபமே வருகிறது. அந்த மிதவை யாருக்காக நிற்கிறது என்று அவரிடம் அவர் மொழியில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? கழகத்தார் மீனவ ஊர்களுக்குப் போய்ப் பேசுகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை செய்வது போதாது. ஐதராபாத்துக்கும் ஜகார்த்தாவுக்கும் மெல்போர்னுக்கும் போகும் அதே அளவு, அந்த மிதவை நிற்கும் கடலில் தொழில் செய்பவனுக்கும் போக வேண்டும். நாகையிலும் கடலூரிலும் தூத்துக்குடியிலும் துறைமுக வாயிலில், அருகிலுள்ள மிதவை அன்று காலை அளந்த அலையுயரமும் காற்றின் வேகமும் மிதவையின் பெயரோடு தமிழில் எழுதி வைக்கப்படட்டும். சாய்ந்தோ அறுந்தோ கிடக்கும் மிதவையைக் கண்டு வந்து முதலில் சொல்லும் படகுக்கு, அன்றைய டீசல் செலவையாவது அரசு கொடுக்கட்டும்.