மூன்றைக் கட்டும் முடிச்சு

ஆங்கில இலக்கணக் கையேடுகளில் முன்னொட்டுப் பட்டியல் ஒன்று இருக்கும். 'டிரை' என்றால் மூன்று. டிரைசைக்கிள் மூன்று சக்கர வண்டி, டிரையாங்கிள் முக்கோணம், டிரைபாட் முக்காலி. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வருகிற மாணவருக்கு இந்தப் பட்டியல் நல்ல கைத்தடி. ஆனால் டிரையோ, டிரையட், டிரினிட்டி, டிரிலஜி, டிரிப்டிக், டிரையம்விரேட், டிராய்கா என்று வரிசை நீளும்போது கைத்தடி போதாமல் போகிறது. எல்லாவற்றுக்கும் 'மூன்று' என்றே பொருள் குறித்துக்கொண்டவர், மூன்று அமைச்சர்களை டிரினிட்டி என்றும் மூன்று பாடகிகளை டிராய்கா என்றும் எழுதிவிட வாய்ப்புண்டு. அதில் இலக்கணப் பிழை இருக்காது. ஆனால் படிப்பவர் மனத்தில் எழுதியவர் நினைக்காத படம் ஒன்று விழும். மூன்று எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று சொல்வதற்காகவே ஆங்கிலம் இத்தனை சொற்களை வைத்திருக்கிறது. எண்ணிக்கை சொல்லின் தலையில் இருக்கிறது, உறவு அதன் உடலில் இருக்கிறது. அந்த உறவைச் சொல்லித் தராத பாடமும் அகராதியும் பாதி வேலையைத்தான் செய்கின்றன என்பது என் வாதம்.

அதிகாரத்தைப் பற்றிய இரண்டு சொற்களிலிருந்து தொடங்கலாம். டிரையம்விரேட் என்பது லத்தீனில் 'மூன்று ஆண்கள்' என்ற தொடரிலிருந்து வந்தது. கி.மு. 43-இல் ஆக்டேவியன், ஆண்டனி, லெபிடஸ் மூவரும் ரோமாபுரியின் அதிகாரத்தைச் சட்டப்படியே பங்கிட்டுக்கொண்டார்கள். கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலைத் தயாரித்தபோது ஆண்டனி தன் தாய்மாமனையும், லெபிடஸ் தன் அண்ணனையும், ஆக்டேவியன் பேச்சாளர் சிசரோவையும் விட்டுக்கொடுத்ததாகப் பண்டைய எழுத்தாளர் ப்ளூடார்க் எழுதியிருக்கிறார். மாமனும் அண்ணனும் தப்பினார்கள், சிசரோ தப்பவில்லை. கி.மு. 36-இல் லெபிடஸ் ஓரங்கட்டப்பட்டார். கி.மு. 31-இல் ஆக்டியம் போரில் ஆண்டனி தோற்றார். மிஞ்சியவர் ஒருவர். எனவே இந்தச் சொல்லுக்குள் ஒரு பேரமும், அந்தப் பேரம் நிலைக்காது என்ற நினைவும் சேர்ந்தே இருக்கின்றன. டிராய்கா அப்படியல்ல. அது மூன்று குதிரைகளைப் பக்கம் பக்கமாகப் பூட்டிய ரஷ்ய வண்டி. நடுக்குதிரை வளைந்த நுகத்தின் கீழ் நேரே பார்த்துப் பெருநடை போடும். பக்கக் குதிரைகள் தலையை வெளிப்புறம் திருப்பியபடி பாய்ந்தோடும். மூன்றின் ஓட்டம் வேறு, இழுக்கிற வண்டி ஒன்று, கடிவாளம் வண்டிக்காரன் கையில். 1937-இல் ஸ்டாலின் ஆட்சியின் உள்துறைக் காவல் அமைப்பு, உள்ளூர் காவல் தலைவர், கட்சிச் செயலாளர், அரசு வழக்கறிஞர் ஆகிய மூவரைக் கொண்ட குழுக்களுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது, பெரும்பாலும் அவர் எதிரிலேயே இருக்கமாட்டார். லட்சக்கணக்கானோரின் விதி அப்படித் தீர்மானிக்கப்பட்டது. 2010 முதல் கிரேக்க நாட்டின் கடன் நெருக்கடியை மேற்பார்த்த ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நிதியம் மூன்றையும் சேர்த்து டிராய்கா என்றார்கள். அந்தப் பெயர் கிரேக்க மக்களிடம் எவ்வளவு கசந்தது என்றால், 2015-இல் புதிய அரசு வந்ததும் அதைக் கைவிட்டு 'நிறுவனங்கள்' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். ஆட்களும் அலுவலகங்களும் அப்படியே இருக்க, ஒரு சொல்லை மாற்றுவதற்கே பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. 'மூவர் குழு' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்தால் இந்தச் செய்தியின் பாதி காணாமல் போய்விடும்.

கலைச் சொற்களுக்கு வந்தால் இதே பாடம் இன்னும் நுட்பமாகத் தெரிகிறது. ஏதென்ஸ் நகரின் டயோனிசஸ் விழாவில் நாடகாசிரியர் ஒருவர் மூன்று துன்பியல் நாடகங்களை ஒரே நாளில் அரங்கேற்றுவார். டிரிலஜி என்ற சொல்லின் தாய்வீடு அதுதான். கி.மு. 458-இல் எஸ்கிலஸ் அரங்கேற்றிய ஒரெஸ்டியா மட்டுமே முழுமையாகத் தப்பிவந்திருக்கிறது. முதல் நாடகத்தில் கொலை, இரண்டாவதில் பழிக்குப் பழி, மூன்றாவதில் நீதிமன்றம். ஒவ்வொன்றும் தனியே முழு நாடகம், மூன்றும் சேர்ந்தால் பழிவாங்கல் சட்டமாக மாறும் கதை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சோபோக்ளிஸின் தீப்ஸ் நகர நாடகங்கள் மூன்றையும் டிரிலஜி என்பது தவறு. ஏறத்தாழ 40 ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு விழாக்களுக்காக எழுதப்பட்டவை அவை. 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' டிரிலஜி அல்ல, ஒரே நாவல் என்று அதை எழுதிய டோல்கீன் தம் கடிதங்களில் வற்புறுத்தினார். அச்சுச் செலவு காரணமாகவே அது மூன்றாகப் பிரிந்தது. 1955 முதல் 1959 வரை வெளிவந்த சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றுக்கும் அந்தப் பெயர் சரியாகப் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் பார்த்தாலும் நிறைவு, மூன்றையும் பார்த்தால் ஒரு வாழ்க்கை. நம் சினிமா விளம்பரங்களில் ஒரே கதையை மூன்றாக வெட்டி டிரிலஜி என்று அறிவிக்கும்போது, 'மூன்று பாகம்' என்ற நம் எளிய சொல்லே அதைவிட நேர்மையானது.

டிரிப்டிக் என்பதைப் பலர் 'மூன்று ஓவியங்கள்' என்று புரிந்துகொள்கிறார்கள். கிரேக்கத்தில் அதற்கு 'மும்மடிப்பு' என்று பொருள். மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் ஹைரோனிமஸ் பாஷ் வரைந்த 'தி கார்டன் ஆஃப் எர்த்லி டிலைட்ஸ்' இருக்கிறது. இடது பலகையில் ஆதாமும் ஏவாளும், நடுவில் பெரிய பெரிய பழங்களுக்கும் பறவைகளுக்கும் இடையே கூடிக் களிக்கும் நிர்வாண மனிதர்கள், வலதில் இசைக்கருவிகளே சித்திரவதைக் கருவிகளாகிவிட்ட நரகம். பக்கப் பலகை ஒவ்வொன்றும் நடுப்பலகையில் பாதி அகலம். அதனால்தான் கதவுபோல இரண்டையும் மடித்து நடுவை முழுவதும் மூட முடிகிறது. மூடினால் வண்ணமெல்லாம் மறைந்து, படைப்பின் தொடக்கத்தில் இருக்கும் உலகம் சாம்பல் நிற உருண்டையாகத் தெரியும். கீல்தான் இந்தச் சொல்லின் உயிர். சுவரில் வரிசையாக மாட்டிய மூன்று படங்களுக்கு நடுவும் பக்கமும் என்ற உறவு இருந்தால் இன்றைய கலைஞர்களும் இந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். டிரையட் என்ற சொல்லில் கட்டு இன்னும் இறுக்கமானது. மேற்கத்திய இசையில் அது மூன்று சுரங்களை ஒருசேர ஒலிப்பது. நம் முறையில் சொன்னால் சட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம். நடுவில் உள்ள காந்தாரத்தை மட்டும் ஒரு படி இறக்கி சாதாரண காந்தாரமாக்கினால், மற்ற இரண்டும் அசையாமலே முழு ஒலியும் மலர்ச்சியிலிருந்து சோகத்துக்குத் திரும்பிவிடும். ஒன்றைத் தொட்டால் மூன்றும் மாறும் இந்த உறவு டிரையோவுக்கு இல்லை. அங்கே மூவர் சேர்ந்து வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

தமிழர்களாகிய நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள சொல் டிரினிட்டி. கிறிஸ்தவ இறையியலில் தந்தை, மகன், தூய ஆவி மூவரும் மூன்று கடவுள்கள் அல்ல, ஒரே கடவுள். 325-இல் நைசியாவிலும் 381-இல் கான்ஸ்டான்டினோபிளிலும் கூடிய சங்கங்கள் பெரும் விவாதத்துக்குப் பிறகு வகுத்த நம்பிக்கை இது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை மொழிபெயர்த்தபோது காட்டிய கவனம் வியப்பளிக்கிறது. 'மூவொரு கடவுள்', 'திரியேக தேவன்' என்ற இரண்டு தொடர்களிலும் மூன்றும் ஒன்றும் ஒரே சொல்லில் பிணைந்திருக்கின்றன. எதிர்த்திசையில் நடந்த மொழிபெயர்ப்பில் அந்தக் கவனம் இல்லை. படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழிலால் பிரிந்த மும்மூர்த்திகளை ஆங்கிலத்தில் 'இந்து டிரினிட்டி' என்று எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. சைவருக்குச் சிவனும் வைணவருக்குத் திருமாலும் அந்த மூவரில் சமமான ஒருவர் அல்லவே! அங்கிருந்து அந்தச் சொல் சங்கீத மும்மூர்த்திகளுக்கும் வந்தது. தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் திருவாரூரில் பிறந்தவர்கள், சமகாலத்தவர்கள். ஆனால் தீட்சிதரின் சம்ஸ்கிருதக் கீர்த்தனை நடையும் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனை நடையும் வேறு வேறு உலகங்கள். மூவரும் ஒரே பொருளின் மூன்று முகங்கள் என்று டிரினிட்டி சொல்கிறது. தனித்தனியே நின்று தனித்தனியே வணங்கத்தக்க மூவர் என்று மும்மூர்த்திகள் சொல்கிறது. வேரூன்றிவிட்ட அந்த ஆங்கில வழக்கைப் பிடுங்கச் சொல்லவில்லை. தமிழில் நாமே சரியாகச் சொன்ன ஒன்று ஆங்கிலத்துக்குப் போனதும் திரிந்தது என்பதை அறிந்து எழுதலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சொற்கள் பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை, ஆங்கிலம் பேசுபவர்களே இவற்றை மாற்றி மாற்றிப் புழங்குகிறார்கள், பிறகு நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு என்று கேட்கலாம். உண்மைதான். டிரைஃபெக்டா என்பது குதிரைப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அதே வரிசையில் சரியாகச் சொல்லிப் பணம் கட்டுவது. இன்று அமெரிக்காவில் அதிபர் பதவியும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒரே கட்சியிடம் வந்தால் அதையும் அப்படியே அழைக்கிறார்கள். டிரிவியா இன்னும் தொலைவு போய்விட்டது. லத்தீனில் மூன்று சாலைகள் கூடும் இடம், அதாவது நம் முச்சந்தி. முச்சந்திப் பேச்சு என்ற பொருளைத் தாண்டி, இன்று வினாடி வினாவில் கேட்கும் துணுக்குச் செய்திக்குப் பெயராகிவிட்டது. மூன்று என்ற நினைவே அதில் இல்லை. எனவே வேர்ச்சொல்லைத் தெரிந்துகொண்டால் பொருள் தெரிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நான் கேட்பது, இன்றைய புழக்கத்திலும் அறுபடாமல் இருக்கும் பிணைப்பு எது என்பதை. டிரைஃபெக்டாவில் குதிரை போய்விட்டது, வரிசை போய்விட்டது, ஆனால் மூன்றையும் ஒருசேர வென்ற நிறைவு போகவில்லை. மூன்று பெண்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தை டிரையம்விரேட் என்று இன்று எழுதலாம். ஆண் என்ற பொருள் உதிர்ந்துவிட்டது, பங்கிட்ட அதிகாரம் உதிரவில்லை. சொல் நீண்டாலும் அதே கயிற்றின் போக்கில்தான் நீள்கிறது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. வேலைக்கும் தேர்வுக்கும் ஆங்கிலம் படிக்கிறவருக்கு இந்த நுணுக்கம் எதற்கு, 'மூன்று' என்று தெரிந்தால் போதாதா? இதற்குத் தமிழே பதில் சொல்கிறது. தொழிற்சங்கமும் நிர்வாகமும் அரசும் உட்கார்ந்தால் முத்தரப்புப் பேச்சுவார்த்தை. தேர்தலில் மூன்று அணிகள் மோதினால் மும்முனைப் போட்டி. தரைப்படை, கடற்படை, விமானப்படை சேர்ந்தால் முப்படை. 'மும்முனைப் பேச்சுவார்த்தை' என்று எழுதினால் எந்த வாசகருக்கும் காதில் உறுத்தும். தரப்பு என்றால் தனக்கென்று கோரிக்கை உள்ளவர், முனை என்றால் மோதுகிற இடம் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அந்த 'முத்தரப்பு'தான் ஆங்கிலத்தின் டிரைபார்டைட். 1919-இல் தோன்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் அரசின் சார்பில் இருவர், முதலாளிகள் சார்பில் ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒருவர் என நால்வரை அனுப்புகிறது. ஆட்கள் நான்கு, ஆனாலும் அது முத்தரப்புதான். எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டவர் இங்கே தடுமாறுவார், உறவைப் பிடித்தவர் தடுமாறமாட்டார். ஒப்பந்தம் ஒன்றைப் படித்துக் கையெழுத்திட வேண்டியவருக்கு இது சொல் விளையாட்டு ஆகாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பாடநூலிலும் ஆங்கிலம்–தமிழ் அகராதியிலும் இத்தகைய சொல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிணைப்பைச் சொல்லும் ஒரு வரி வேண்டும். டிராய்கா: ஒரே வண்டியை இழுக்கும் மூவர். டிரையம்விரேட்: அதிகாரத்தைப் பங்கிட்ட மூவர். டிரிலஜி: தனித்தும் சேர்ந்தும் முழுமையான மூன்று படைப்புகள். டிரிப்டிக்: நடுவை நோக்கி மடங்கும் மூன்று. இப்படிப் படிக்கும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. பதினெண்கீழ்க்கணக்கில் உள்ள திரிகடுகம், சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்று மருந்துச் சரக்குகளின் பெயரைத் தாங்கி, பாட்டுக்கு மூன்று கருத்துகளைக் கோத்துச் சொல்கிறது. மூன்று சரக்கு என்று மட்டும் கேட்டு வந்தவருக்கு நாட்டு மருந்துக் கடைக்காரர் எதையும் பொட்டலம் கட்ட முடியாது. எவை, என்ன அளவு, எதற்காகச் சேர்கின்றன என்று தெரிந்தால்தான் அது மருந்து. ஆங்கிலத்தின் இந்தச் சொற்களையும் அந்த அக்கறையோடு நம் பிள்ளைகளிடம் எடுத்துக் கொடுப்போம்.