மூச்சுவிட்டவர் குற்றமா?

கருவி நடுநிலையானது, கையாளும் மனம்தான் கெட்டது என்னும் வாதத்தை இலக்கிய அன்பர்களே திரும்பத் திரும்ப முன்வைக்கிறார்கள். சமூக ஊடக நிறுவனங்களுக்கு இதைவிட உவப்பான வாதம் வேறில்லை.

2018 மே மாதம், எண்ணூருக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே வாரம், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அதற்காகவே கொல்லப்பட்டார். வடநாட்டுப் பிள்ளைபிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் உலவிய வதந்திதான் காரணம்.

பிள்ளைபிடிப்பவன் குறித்த அச்சம் நமக்குப் புதிதன்று. பாலம் கட்ட நரபலி கேட்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் பாட்டிமார் காலத்திலேயே உண்டு. அது ஒரு தெருவைத் தாண்டுவதற்குள், "எவன் சொன்னான்?" என்று திண்ணைக் கிழவர் ஒருவர் கேட்டுவிடுவார். புதியது வேகம், அந்த வேகம் வடிவமைக்கப்பட்டது. கொலைகள் நாடெங்கும் பேசப்பட்ட பிறகு, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய இயலாதபடி இந்தியாவில் வரம்பிடுவதாக வாட்ஸ்அப் அறிவித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திக்கு அந்த வரம்பு ஒன்றாகச் சுருங்கியது. ஆக, குழாயின் திருகு எப்போதும் அவர்கள் கையில்தான் இருந்திருக்கிறது. பிணம் விழும்வரை ஏன் திருகவில்லை?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள். மூச்சுவிட்டவர்கள்மீது தவறு என்று எவரும் கட்டுரை எழுதவில்லை. ஆலையை நிறுத்தச் சொன்னார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது.

ஒழுங்குமுறை என்றால் அரசு நம் வாயைக் கட்டிவிடுமே என்பார்கள். நியாயமான அச்சம். 66ஏ பிரிவு அதைத்தான் செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2021ஆம் ஆண்டு விதிகளோ, செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டச் சொல்கின்றன. அங்கும் தேடப்படுவது ஆள்தான், இயந்திரம் அன்று. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது யூடியூபர் ஒருவர் கைதானார். செய்ய வேண்டியதுதான். ஆனால் அவற்றைச் சுமந்து திரிந்த தளங்கள் எந்தக் கூண்டில் ஏறின? அந்தத் தொழிலாளர்கள் மணலியிலும் திருவொற்றியூரிலும் நம் அண்டை வீட்டார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெருந்தளங்கள் தம்மால் விளையும் ஆபத்தை ஆண்டுதோறும் மதிப்பிட்டு, வெளியார் தணிக்கைக்கும் உட்பட வேண்டும். தவறினால் உலக வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம். நாம் கேட்பதும் அதுதான். பேச்சின்மீது அன்று, பேச்சைப் பெருக்கும் பொறியின்மீது கட்டுப்பாடு. கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் இதை எதிர்க்கும் நண்பர்கள், ஐந்து என்ற அந்த வரம்பினால் தங்களுடைய எந்தக் கவிதை வெளிவராமல் போயிற்று என்று சொல்லட்டும்.