கை நீட்டியவருக்குப் பதில் சொல்லுங்கள்

2021 ஜனவரி 16 அன்று கோவிட் தடுப்பூசி போடும் பணி நாடு முழுவதும் தொடங்கியபோது, தயங்கியவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள், எங்களுக்கு கோவேக்சின் வேண்டாம், கோவிஷீல்டு போடுங்கள் என்று கண்காணிப்பாளருக்கே கடிதம் எழுதினார்கள். தமிழ்நாட்டிலும் முதல் சில நாள்கள் சுகாதாரப் பணியாளர்களின் வருகை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. சுமார் 25,800 தன்னார்வலர்களைச் சேர்க்கும் கோவேக்சினின் மூன்றாம் கட்டச் சோதனை அப்போது நடந்துகொண்டிருந்தது; செயல்திறன் முடிவு எதுவும் வரவில்லை. ஆனாலும் ஜனவரி 3 அன்றே அந்த ஊசிக்கு ஒப்புதல் கொடுக்கப்பட்டுவிட்டது. பின்னர் 77.8 சதவீதச் செயல்திறன் என்ற முடிவு வந்து, அந்த ஆண்டு நவம்பரில் லான்செட் இதழிலும் வெளியானது. ஊசி நல்ல ஊசிதான். ஆனால் விடை வருவதற்கு முன்பே நம்பச் சொன்னதால் விளைந்த சந்தேகத்தை, பிறகு வந்த விடையால் முழுதாகத் துடைக்க முடியவில்லை. தடுப்பூசித் தயக்கத்தைப் படிப்பறிவின்மையின் கணக்கில் எழுதிவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. தயக்கத்தின் வேர்களில் ஒன்று, சோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்களை அதன் பிறகு நாம் நடத்தும் விதத்தில் இருக்கிறது. அவர்களுக்கே ஒழுங்காகப் பதில் சொல்லாதவர்கள் நமக்கு என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று மற்றவர்கள் எடைபோடுகிறார்கள்.

அதே கோவேக்சின் சோதனை போபாலில் நடந்த விதத்தைப் பாருங்கள். 1984 விஷவாயுக் கசிவில் பாதிக்கப்பட்டு, இன்னமும் யூனியன் கார்பைடு ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வாழும் ஏழை மக்கள் பலர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு வருகைக்கு 750 ரூபாய் கொடுக்கப்பட்டது. இது சோதனை என்றே எங்களுக்குத் தெரியாது, கொரோனா வராமலிருக்க ஊசி என்று சொன்னார்கள், கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் தரவில்லை என்று அவர்களில் பலர் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். சோதனையை நடத்திய மருத்துவமனை இதை மறுத்தது. அங்கே ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் 2020 டிசம்பரில் இறந்தார். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மரணச் செய்தி பொதுவெளிக்கு வந்தது ஜனவரியில், ஒப்புதல் கொடுத்த பிறகு. படிவத்தின் நகலைத் தன்னார்வலரிடம் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அந்த ஒரு தாள் கையில் இருந்தால், உடம்புக்கு ஏதாவது வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், சிகிச்சைச் செலவு யாருடையது, வேண்டாமென்றால் எப்போது விலகலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். காலங்காலமாக இழப்பீட்டுக்கு அலைந்த குடும்பங்களிடம் இன்னொரு முறை வெறும் கையெழுத்து மட்டும் வாங்கினால், அந்தத் தெருவில் அடுத்த தடுப்பூசி முகாமுக்கு யார் வருவார்கள்?

கோவிஷீல்டு விஷயத்தில் நடந்தது வேறு மாதிரியானது. ஆனால் அதுவும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 2020 செப்டம்பரில் பிரிட்டனில் ஒரு தன்னார்வலருக்கு நரம்பியல் கோளாறு ஏற்பட்டதும், ஆஸ்ட்ராசெனெகா அந்த ஊசியின் சோதனைகளை நிறுத்தி, நிறுத்தியதை உலகுக்குச் சொன்னது. சில நாள்களில் ஆய்வு முடிந்து பிரிட்டனில் சோதனை மீண்டும் தொடங்கியது. அதனால் யாரும் பெரிதாகப் பீதியடையவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், அதே ஊசியின் இந்தியச் சோதனையில் சேர்ந்த சென்னைவாசி ஒருவர், ஊசிக்குப் பிறகு மூளை, நரம்பு தொடர்பான கடும் பாதிப்பு தனக்கு வந்ததாகச் சொன்னார். ஊருக்கு இது தெரிந்தது நவம்பர் கடைசியில், 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு அவர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் வெளியான பிறகு. இந்தியாவில் அதைத் தயாரித்த நிறுவனம், நோய்க்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றதோடு நிற்கவில்லை. 100 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்போம் என்றும் எச்சரித்தது. மருத்துவ முடிவு நிறுவனத்தின் பக்கமே இருந்தாலும், அந்த எச்சரிக்கை அவர் ஒருவருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. சோதனையில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

பாதிப்புகளை உடனுக்குடன் வெளியில் சொன்னால் வதந்திக்குத் தீனி போட்டதாகிவிடாதா என்று பொது சுகாதாரத் துறையினர் கேட்பதுண்டு. பொறுப்பான கேள்விதான். ஒரு ஊசியை லட்சக்கணக்கானோர் போட்டுக்கொண்டால், அடுத்த சில நாள்களில் அவர்களில் சிலருக்கு மாரடைப்பு வரும், சிலர் இறப்பார்கள். ஊசியே இல்லாவிட்டாலும் அது நடந்திருக்கும். இதைப் புரியவைப்பது எளிதல்ல. ஆனால் மௌனத்தால் வதந்தி அடங்கியதாகச் சரித்திரமே இல்லை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு, 17 அன்று காலமானார். ஊசி காரணமில்லை என்று உடனே சொன்னார்கள். முறையான விசாரணைக் குழுவின் அறிக்கை வந்ததோ அக்டோபரில். சொன்னது இரண்டு முறையும் ஒன்றுதான். முதல் முறை ஆய்வு இல்லை, இரண்டாம் முறை கேட்க ஆளில்லை. இடைப்பட்ட மாதங்களில்தான் கிராமங்களுக்கு ஊசி போய்ச் சேர வேண்டியிருந்தது.

ஒப்புதலைக் குறுக்குவழியில் வாங்கினால் என்ன ஆகும் என்பதைக் கம்மம் கதை சொல்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. இது சோதனை அல்ல, செயல்விளக்கத் திட்டம் என்று பெயர் வைத்ததால், சோதனைக்குரிய பாதுகாப்புகள் தளர்ந்தன. பழங்குடியினர் விடுதிகளில் பெற்றோருக்குப் பதில் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டார்கள். 7 சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றே விசாரணை முடிவு சொன்னது. ஆனால் 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு, ஒப்புதல் பெற்ற விதத்தைக் கடுமையாகச் சாடியது. தேசியத் திட்டத்தில் அந்த ஊசியைச் சேர்க்கும் பரிந்துரை மீண்டும் உயிர்பெற 2022 வரை ஆனது. தாமதத்துக்கு விலை உட்பட வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் கம்மத்தின் நிழலை யாரும் மறுக்க முடியாது. இந்தியாவில் ஆண்டுக்கு 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் இந்தப் புற்றுநோயால் இறக்கிறார்கள். விடுதிக் காப்பாளர் போட்ட கையெழுத்தின் விலை அவ்வளவு பெரியது.

விதிகளை இறுக்கினால் ஆராய்ச்சி வேறு நாட்டுக்குப் போய்விடும் என்பது தொழில்துறையின் வாதம். 2013இல் உச்ச நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு இந்தியாவில் புதிய சோதனைகள் சரிந்தது உண்மை. ஆனால் அதே காலத்தை ஒட்டித்தான் தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 கைக்குழந்தைகளை வைத்து ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்துச் சோதனை நடந்து முடிந்தது. 2016 முதல் அந்தச் சொட்டு மருந்து அரசுத் திட்டத்தில் இருக்கிறது. வீடு தேடிப் போய்க் குழந்தையைக் கவனித்து, வயிற்றுப்போக்கு என்றால் உடனே சிகிச்சை தரும் ஏற்பாடு இருந்தால், ஏழைத் தாயும் நம்பிக் குழந்தையைக் கொடுக்கிறாள். அங்கேயும், குடல் செருகல் என்ற பாதிப்பு பற்றிய தரவை ஊர்வாரியாக வெளியிடுங்கள் என்ற கோரிக்கைக்காகச் சிலர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இதைத் தடுப்பூசிக்கு எதிரான வேலை என்று ஒதுக்குவது தவறு. கேள்வி கேட்பவரையும் வதந்தி பரப்புபவரையும் ஒரே தட்டில் வைத்தால், கேள்வி கேட்டவர் நாளை வதந்தி பக்கம் போவார்.

செங்கல்பட்டை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. சோதனையில் சுமார் 2,60,000 பேர் பங்கேற்றார்கள். உலகின் மிகப் பெரிய காசநோய்த் தடுப்பூசிச் சோதனை அது. மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கான முதல் நெறிமுறை அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) வெளியிட்டதே அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1980இல்தான். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது முடிவு. உலகமே எதிர்பாராத விடை. காசநோய் ஆராய்ச்சியின் போக்கையே அது பாதித்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்க்கு மட்டுமே பி.சி.ஜி. என்ற தெளிவை வலுப்படுத்தியது. தோற்ற சோதனை என்று இதைச் சொல்வது அந்தக் கிராமத்து மக்களுக்குச் செய்யும் அவமரியாதை. உலகப் பாடநூல்களில் ஊரின் பெயர் இருக்கிறது. உங்கள் கையில் போட்ட ஊசியிலிருந்து இதைத்தான் தெரிந்துகொண்டோம் என்று அந்த வீடுகளுக்குத் தமிழில் ஒரு பக்கம் போக வேண்டாமா? மருந்தில்லாத ஊசி போடப்பட்டவருக்கும் அந்தப் பக்கம் உரியது. ஒப்பிட அவர் இல்லையென்றால் விடையே இல்லை.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் இழப்பீட்டைப் பேசுகின்றன. கடும் பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அது மேலே போகும் தகவல். தன்னார்வலரின் வீட்டுக்கு இறங்கிவரும் தகவலுக்கும் கெடு வேண்டும்: எந்த ஊசி போடப்பட்டது, முடிவு என்ன, பாதிப்புகள் எத்தனை என்பதை, பத்திரிகையாளர் சந்திப்புக்கு முன்பே அவரவர் மொழியில் தர வேண்டும். பாதிப்புக்கும் சோதனைக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகும் வரை மட்டுமே இலவச சிகிச்சை என்ற இப்போதைய வரம்பையும் நீக்கி, சோதனைக் காலம் முழுவதும் கேள்வி கேட்காமல் சிகிச்சை தர வேண்டும். 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று சொன்ன அதே தீர்ப்பில், தனிநபர் அந்தரங்கத்தைக் காத்துச் சோதனைத் தரவுகளைத் தாமதமின்றி வெளியிடவும் சொன்னது. முதல் பாதியைச் சமூக ஊடகங்கள் ஊரெங்கும் கொண்டுபோயின. இரண்டாம் பாதியை விதிகளில் எழுதி நடைமுறைக்குக் கொண்டுவருவது சுகாதார அமைச்சகத்தின் வேலை.