மூணு மெழுகுவத்தி

பி.எட். படிக்கும் என் தங்கை, டீச்சிங் பிராக்டிஸுக்குப் போய்விட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

எட்டாம் வகுப்பில் அந்தப் பிரசித்தி பெற்ற சோதனை. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி. மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும். தண்ணீர் உள்ளே ஏறும். 'காற்றில் 21 சதவிகிதம் ஆக்ஸிஜன். அது தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது.' நாமெல்லாம் மனப்பாடம் செய்த பதில்தான்.

கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "மிஸ், எரியறப்போ சும்மா இருந்த தண்ணி, அணைஞ்சப்புறம்தானே விறுவிறுன்னு ஏறுது?" என்றிருக்கிறாள்.

"நீ என்ன சொன்னே?"

"உட்காருன்னு சொல்லிட்டேன்!"

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறொன்றும் அறியேன். இருந்தாலும் ராத்திரி சமையலறையில் சோதனை. இந்த முறை மூணு மெழுகுவத்தி. அதே டம்ளர், அதே ஆக்ஸிஜன். தண்ணீர் மட்டும் இன்னும் உயரமாக ஏறியது. கணக்கு டாலி ஆகவில்லையே!

தங்கை சட்டென்று பிடித்துக்கொண்டாள். சுடரின் சூட்டில் காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியேறியும் விடுகிறது. அணைந்ததும் மிச்சம் குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்ஸிஜன் முழுக்கத் தீர்வதுகூட இல்லை.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, "நேத்து நான் சொன்னது தப்பு" என்று சொல்லி, அந்தப் பெண்ணையே கூப்பிட்டு மூணு மெழுகுவத்தியையும் ஏற்றச் சொன்னாளாம்.

பி.எட்.டில் மார்க் எவ்வளவு வருமோ, தெரியாது. டீச்சர் அன்றைக்கே ஆகிவிட்டாள். இப்போது கடைசி பெஞ்சில் தினம் நாலு கை உயர்கிறதாம்.

மெழுகுவத்திச் செலவு மட்டும் என் கணக்கில்!