குழாயை அடைக்கும் மெழுகு

எண்ணெய்க் கிணறு என்றதும், தோண்டினார்கள், பீறிட்டது, பணம் குவிந்தது என்று எண்ணுகிறோம். குழாய்க்குள்ளே நடக்கும் மல்லுக்கட்டை யார் சொன்னார்கள் நமக்கு?

மார்கழிக் காலையிலே தேங்காயெண்ணெய்ப் புட்டி உறைந்து நிற்பதைப் பார்த்ததில்லையா, தோழர்களே! அதே கதைதான் இதுவும். பூமியின் ஆழத்திலே எண்ணெய் சூடாக இருக்கிறது. மெழுகு அதிலே கரைந்து கிடக்கிறது. மேலே ஏற ஏறச் சூடு தணிகிறது. மெழுகு துகள் துகளாகப் பிரிந்து குழாயின் சுவரிலே ஒட்டுகிறது. பல கிணறுகளிலே அந்தக் குழாயின் உள் அகலம் 62 மில்லிமீட்டர்தான். நாளாக ஆக வழி சுருங்குகிறது, எண்ணெய் குறைகிறது, கவனியாது விட்டால் கிணறே ஊமையாகிறது.

அஸ்ஸாமைப் பாருங்கள். நாகர்கட்டியாவிலே 1953-இல் எண்ணெய் கண்டார்கள். மெழுகு மிகுந்த எண்ணெய். எங்கள் மண்ணின் எண்ணெயை எங்கள் மண்ணிலேயே சுத்திகரியுங்கள் என்று 1956-57-இல் கிளர்ந்தெழுந்தனர் அந்த மக்கள். டில்லி என்ன செய்தது? சிறிய ஆலையை கௌஹாத்திக்குத் தந்தது. 1962-இல் நேரு திறந்து வைத்தார். பெரிய ஆலையை பீகாரின் பரௌனிக்குக் கொண்டுபோயிற்று! 1,100 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டார்கள்.

ஆனால் எண்ணெயே மறியல் செய்தது! 30 டிகிரிச் சூட்டிலேயே உறையத் தலைப்படும் எண்ணெய், குளிர்காலத்திலே அவ்வளவு தொலைவு ஓடுமா? ஏறக்குறைய 95 டிகிரிக்குக் காய்ச்சி, அளவறிந்து ஆறவைத்து, மெழுகின் பிடியைத் தளர்த்தி அனுப்பினார்கள். அந்தப் பொறியாளர்களைப் பாராட்டுகிறேன். அப்படிச் செய்ய வைத்த டில்லியைப் பாராட்ட எனக்கு மனமில்லை.

மேலே ஓடும் குழாய்க்கு அந்த வைத்தியம். கிணற்றுக்குள்ளே? கம்பியிலே சுரண்டியைக் கட்டி இறக்குகிறார்கள். சூடேற்றிய எண்ணெயைச் செலுத்துகிறார்கள். சைலீன் போன்ற கரைப்பான்களை ஊற்றுகிறார்கள். சூட்டுக்குப் பக்கத்திலே நிற்பவன் யார்? தலை சுற்றவைக்கும் ஆவியைச் சுவாசிப்பவன் யார்? தொழிலாளி! சுரண்டப்படுவது மெழுகு மட்டுந்தானா?

ஒலியை ஏவலாம் என்கிறது விஞ்ஞானம். விநாடிக்கு 20,000 அதிர்வுக்கும் மேற்பட்ட, காதுக்கு எட்டாத ஒலி. மின்சாரம் பாய்ந்தால் அதிரும் பீங்கான் வில்லைகளைக் கருவிக்குள் வைத்துக் குழாயிலே இறக்குகிறார்கள். அதிர்ச்சியிலே நுண்குமிழிகள் பிறந்து உடைகின்றன. மெழுகுத் துகள்கள் கைகோக்க முடியாமல் சிதறுகின்றன. சுவரிலே ஒட்டுவது குறைகிறது. ஒட்டிய பிறகு சுரண்டுவதல்ல, ஒட்டாமல் தடுப்பது! ஒலியின் மகிமையை அன்றே சொன்னோம் என்று மந்திரம் ஓதுவோர் பங்கு கேட்டு வரக்கூடும். மந்திரத்தை அளக்க மீட்டர் இல்லை, இதற்கு இருக்கிறது.

அதற்காக, விற்க வருபவன் சொல்வதையெல்லாம் நம்பிவிடலாமா? கெட்டியான எண்ணெயிலே, வாயுக் குமிழிகளுக்கு நடுவிலே, ஒலி சீக்கிரம் களைத்துப் போகிறது. கருவிக்கு அருகே சுத்தமாகும். தள்ளி மீண்டும் படியும். ஒலியை நிறுத்தி, எண்ணெயும் ஆறினால், மெழுகு திரும்பி வரும். ரஷ்யாவிலும் சீனாவிலும் கிணறுகளிலே சோதித்திருக்கிறார்கள். எல்லா மெழுகுக்கும் ஒரே மருந்து என்று இன்னும் ஆகிவிடவில்லை. ஆகவே ஒரு கிணற்றிலே ஒலி, ஒத்த இன்னொன்றிலே பழைய சுரண்டி. இரண்டிலும் எத்தனை நாளைக்கொருமுறை அடைக்கிறது, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று எண்ணிப் பார்த்து, கணக்கைத் தொழிற்சங்கத்தின் முன்னும் வைக்கட்டும்.

கணக்கு தேறினால் கருவி வரட்டும், வரவேற்போம். ஆனால் இத்தனை காலம் சுரண்டி இறக்கியவனிடம் சீட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறொருவனை அழைத்துவந்து விசையை அழுத்தச் சொல்வார்களானால், அங்கேதான் நமக்கு வழக்கு. எந்த ஆழத்திலே மெழுகு பிடிக்கும் என்பதைக் கம்பியின் இழுவையிலேயே கண்டுகொள்பவன் அவன். பயிற்சியை அவனுக்குக் கொடு. விசையை அவன் கையிலே கொடு. கூலியிலே காசு குறையாது என்று எழுத்திலே கொடு!